மருந்துக்குத் தப்பிய களை



கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பேச வருகிறவர்கள் கோயிலைப் பற்றிப் பேசுவார்கள். பொன்னேரி என்ற ஏரியைப் பற்றிப் பேசுவார்கள். களையைப் பற்றிப் பேச ஒரு ஆள் வந்திருக்கிறானே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். பொருத்தம் ஒன்று இருக்கிறது. சோழ மன்னன் இராசேந்திரனின் படை 1023ஆம் ஆண்டு வாக்கில் வடக்கே கங்கைக்குப் போனது. 1025இல் அவன் கப்பல்கள் கிழக்கே கடாரத்துக்குப் போயின. இன்று நான் சொல்லப்போகும் இரண்டு பெரிய கதைகளும் அந்த இரண்டு திசைகளிலிருந்தே வருகின்றன. ஒன்று வடக்கே ஹரியானாவின் கோதுமை வயல். இன்னொன்று கடாரத்துக்குத் தெற்கே, மலேசியாவின் தோட்டப்புறம். பொருத்தம் அவ்வளவுதான். இதற்கு மேல் இழுத்தால் வரலாற்றுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

விவசாயிகள் கூட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது: "இந்த மருந்துக்கு இப்பல்லாம் களை சாகறதில்லீங்க. நாலஞ்சு வருஷம் இதை நிறுத்திட்டு வேற மருந்து அடிச்சா, பழையபடி இதுக்கே சாகுமா?" நல்ல கேள்வி. விஞ்ஞானிகளும் ஐம்பது வருஷமாக இதே கேள்வியைத்தான் வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "சாகும்", "சாகாது" என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் இல்லை. மருந்துக்குத் தப்பும் வசதிக்காக அந்தக் களை வேறு எதையாவது இழந்திருக்கிறதா, இழந்திருந்தால் எவ்வளவு என்பதைப் பொறுத்தது பதில். என் பேச்சு முழுவதும் அதைப் பற்றியது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுவோம். மருந்து குடித்துக் குடித்துக் களைக்குப் பழகிவிட்டது என்று சொல்கிறோம். ஒரு சாரணைச் செடி தன் ஆயுளில் எதற்கும் பழகுவதில்லை. அடித்த மருந்தில் ஒன்று செத்துப்போகிறது, அல்லது பிழைக்கிறது. ஏக்கர் கணக்கில் முளைக்கும் லட்சக்கணக்கான செடிகளில், மரபணுவில் எங்கோ ஓரெழுத்து மாறிப்போன செடி ஒன்று, மருந்து வருவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும். அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. மருந்து வந்து மற்றதையெல்லாம் அழித்தபோது இது மட்டும் நின்றது, விதை போட்டது. அடுத்த வருஷம் அதன் பிள்ளைகள். மருந்து எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. இருந்ததில் பொறுக்கி எடுத்தது.

அப்படியானால் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: தப்பிக்கும் அந்தச் செடி மருந்து வருவதற்கு முன்பே இருந்தது என்றால், ஏன் அத்தனை அபூர்வமாக இருந்தது? லட்சத்தில், பத்து லட்சத்தில் ஒன்றாக ஏன் கிடந்தது? அந்த மாற்றம் அதற்கு ஏதோ ஒரு விதத்தில் பாரமாக இருந்திருக்கலாம். மருந்து இல்லாத உலகத்தில் பக்கத்துச் செடியை விட மெதுவாக வளர்ந்திருக்கலாம், குறைவாக விதைத்திருக்கலாம். ஒரு செடி அடுத்த தலைமுறைக்கு எத்தனை பிள்ளைகளை விட்டுப்போகிறது என்பதை அதன் வாழ்திறன் என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்புள்ள செடியின் வாழ்திறன் குறைவு என்றால், மருந்தை நிறுத்தியதும் அது பின்தங்கும். குறைவில்லை என்றால், மருந்தை நிறுத்தினாலும் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இந்த எண்ணத்துக்கு முதல் சாட்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில், 1958 முதல் சிமாசின், அட்ராசின் என்ற ஒரே குடும்பத்து மருந்துகளையே ஆண்டுதோறும் அடித்துவந்தார்கள். 1968இல் செனீசியோ என்ற ஒரு சின்னக் களை அதற்குச் சாகாமல் நின்றது. சூரியகாந்தி, தலைவெட்டிப்பூண்டு இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. ரயான் என்ற ஆய்வாளர் 1970இல் அதை எழுதி வெளியிட்டார். களைக்கொல்லி எதிர்ப்பைப் பற்றிய பெரும் ஆராய்ச்சிகள் அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தன.

அட்ராசின் பெயரை இங்கே பலருக்கு விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் புரட்டாசிப் பட்டத்து மானாவாரி மக்காச்சோளம் போடுகிறவர்கள், விதைத்த மூன்றாம் நாளுக்குள் மண் ஈரமாக இருக்கும்போது அடிக்கும் முளைக்குமுன் மருந்து அதுதான். அது வேலை செய்யும் விதத்தைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது. இலையின் பசுங்கணிகத்துக்குள், வெயிலின் ஆற்றலைப் பிடித்துக் கைமாற்றிவிடும் புரதம் ஒன்று உண்டு. டி1 என்று பெயர். அதில் ஒரு பள்ளம். பிளாஸ்டோகுவினோன் என்ற சின்ன மூலக்கூறு அந்தப் பள்ளத்தில் வந்து உட்காரும், எலக்ட்ரானை வாங்கும், எழுந்து போகும். அட்ராசின் செய்வது இடத்தைப் பிடித்துக்கொள்வதுதான். அது உட்கார்ந்துவிட்டால் குவினோனுக்கு இடமில்லை. பிடித்த வெயிலை இறக்கிவைக்க வழியில்லாமல் இலையே தன்னைக் கருக்கிக்கொள்கிறது. அட்ராசின் பட்ட நாற்றில் கீழிலையின் ஓரம் முதலில் மஞ்சளாகிப் பிறகு காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது இதனால்தான்.

எதிர்ப்புள்ள செடியில் என்ன மாறியது? 1983இல் ஹிர்ஷ்பெர்க், மெக்கின்டாஷ் இருவரும் ஒரு கீரைக்களையில் அதைக் கண்டுபிடித்தார்கள். டி1 புரதத்தில் 264ஆவது இடத்தில் செரின் இருக்க வேண்டும். அங்கே கிளைசின் இருந்தது. முந்நூற்றைம்பது சொச்சம் கண்ணிகளில் ஒன்றே ஒன்று. அதனால் அட்ராசினுக்கு அந்தப் பள்ளத்தில் பிடிமானம் போய்விட்டது. ஆனால் குவினோனும் அதே செரினைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்து வந்தது. திருடன் கைக்கு எட்டக்கூடாது என்று கிணற்றுக் கயிற்றை உயரத்தில் கட்டினால், தண்ணீர் இறைக்கப் போகும் வீட்டுப் பெண்ணும் தினமும் எக்கித்தானே எடுக்க வேண்டும்? எலக்ட்ரான் கைமாறும் வேகம் குறைந்தது. மருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும், விடிந்தது முதல் பொழுது சாயும்வரை, அந்தச் செடிக்கு ஒளிச்சேர்க்கையில் மந்தம். வெயில் ஏறினால் சிரமம் இன்னும் அதிகம் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின.

1979இலேயே கோனார்ட், ராடோசெவிச் இருவரும் இப்படிப்பட்ட செடிகளை வளர்த்துப் பார்த்திருந்தார்கள். அட்ராசினுக்குச் சாகும் செடியையும் சாகாத செடியையும் ஒரே இடத்தில் போட்டிபோட வைத்தார்கள். மருந்து இல்லாத இடத்தில் சாகாத செடி தோற்றது. எடையில் குறைவு, விதையில் குறைவு. பத்திரிகைகள் இப்படிப்பட்ட செடிகளுக்கு 'சூப்பர் களை' என்று பெயர் வைத்துவிடுகின்றன. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. மருந்து இல்லாத வயலில் இந்தக் களை சூப்பரும் இல்லை, ஒன்றும் இல்லை, நோஞ்சான்.

இந்த நோஞ்சான்தனம் எவ்வளவு நிஜம் என்பதற்குப் பயிரிலேயே அத்தாட்சி உண்டு. களையில் கிடைத்த இந்த 264ஆம் இடத்து மாற்றத்தைக் கடுகுக் குடும்பத்து எண்ணெய்ப் பயிரான கனோலாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் அந்த ரகங்கள் வந்தன. சாதாரண ரகத்தை விட விளைச்சல் குறைவு, எண்ணெயும் குறைவு. ஆனாலும் அங்கே விவசாயிகள் அதைப் போட்டார்கள். களையால் போகும் நஷ்டம் அதைவிடப் பெரிது என்று கணக்குப் பார்த்துப் போட்டார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. எதிர்ப்பு வந்தால் செடி நோஞ்சானாகும். மருந்தை நிறுத்து, கொஞ்ச காலம் பொறு, பழைய களையே திரும்பி வரும் என்று சொல்லிவிடலாம். 1980களில் பலர் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்த இடங்களில் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது.

ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஒரு புல் உண்டு. 'குல்லி டண்டா' என்பார்கள், 'மண்டூசி' என்றும் பெயர். தாவரவியல் பெயர் ஃபலாரிஸ் மைனர். கதிர் வெளிவரும்வரை கோதுமைக்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது கடினம். பழகிய விவசாயி குனிந்து, நாற்றின் அடித்தண்டை விரலால் விலக்கிப் பார்ப்பார். அங்கே இளஞ்சிவப்பு ஓடினால் அது மண்டூசி. கையால் பிடுங்குவது நடக்காத காரியம் என்பதால், 1970களின் கடைசியில் ஐசோபுரோடியூரான் என்ற மருந்து வந்தபோது அதை வரமாகவே நினைத்தார்கள். பிறகு நெல், கோதுமை, நெல், கோதுமை என்று ஒரே சுழற்சி. கோதுமைக்கு வருஷா வருஷம் அதே மருந்து. பத்துப் பதினைந்து வருஷம் ஓடியது. 1990களின் தொடக்கத்தில் மருந்து பலிக்கவில்லை. ஹிசாரில் உள்ள ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே. மாலிக், சமுந்தர் சிங் இருவரும் அதை ஆராய்ந்து, எதிர்ப்புதான் என்று 1993இல் அறிவித்தார்கள். சில வயல்களில் களை பயிரையே மூடிவிட்டது. கதிர் முற்றுமுன் கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்துப் போட்டார்கள். பத்து லட்சம் ஹெக்டேர் அளவுக்குப் பாதிப்பு பரவியதாக அப்போது மதிப்பிட்டார்கள்.

இப்போது கவனியுங்கள். ஐசோபுரோடியூரானும் அட்ராசினைப் போல அதே டி1 புரதத்தில் போய் உட்காரும் மருந்துதான். ஆகவே மண்டூசியும் செனீசியோவைப் போலப் பள்ளத்தை மாற்றிக்கொண்டு நோஞ்சானாகியிருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். அது வேறு வழியில் போனது. பள்ளத்தைத் தொடவில்லை. மருந்து உள்ளே வந்ததும் அதை உடைத்துச் செரித்துவிடும் நொதிகள் அந்தச் செடியில் வேகமாக வேலை செய்தன. கோதுமை எப்படி ஐசோபுரோடியூரானுக்குத் தப்புகிறது? அதே வழியில்தான், மருந்தை உடைத்துச் செரித்து. கோதுமையைக் காக்கத் தேர்ந்தெடுத்த மருந்திலிருந்து, கோதுமையின் வித்தையையே கற்றுக்கொண்டு களை தப்பியது. ஒளிச்சேர்க்கை இயந்திரத்தில் கை வைக்காததால், செனீசியோ கொடுத்த பெரும் விலையை இது கொடுக்க வேண்டியதில்லை. செரிக்கும் நொதியைக் கூடுதலாகச் செய்யக் கொஞ்சம் செலவு இருக்கலாம். ஆஸ்திரேலிய ரைப்புல்லில் பவுல்ஸ், விலா-அயூப் குழுவினர் அப்படி ஒரு செலவை நெருக்கமான போட்டியில் அளந்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 264ஆம் இடத்துப் பாரத்தோடு ஒப்பிட்டால் அது இலேசு.

மக்காச்சோளக்காரர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். மக்காச்சோளமும் அட்ராசினை உள்ளே வாங்கிச் செரித்துத்தான் பிழைக்கிறது. அமெரிக்காவில் அதே செரிக்கும் வழியைப் பிடித்துக்கொண்ட களைகள் 1980களிலேயே கிடைத்துவிட்டன. நோஞ்சானாகித் தப்பும் வழியும் உண்டு, நோஞ்சானாகாமல் தப்பும் வழியும் உண்டு. எந்த வழியில் தப்பியது என்று வயலில் நின்று பார்த்தால் தெரியாது.

ஹரியானாவில் 1990களின் பிற்பகுதியில் குளோடினாஃபாப், ஃபெனாக்சாபுராப், சல்ஃபோசல்ஃபூரான் என்று புது மருந்துகள் வந்து கோதுமையைக் காப்பாற்றின. கூடவே, உழாமல் விதைக்கும் முறையையும் மாலிக் போன்றவர்கள் பரப்பினார்கள். மண்ணைக் கிளறாததால் களை விதை மேலே வரவில்லை. முன்கூட்டியே விதைத்ததால், குளிர் வந்த பிறகு முளைக்கும் மண்டூசிக்கு முன் கோதுமை முந்திக்கொண்டது. என் கணிப்பில் அந்தக் கதையில் உருப்படியான பகுதி இதுதான். ஆனால் கையில் புது மருந்து இருக்கும்போது யார் சிரமப்படுவார்கள்? ஒரு மருந்தை விட்டு அடுத்ததைப் பிடித்தார்கள். 2008இல் கர்னாலின் கோதுமை ஆராய்ச்சியாளர்கள் சோக்கர், சர்மா இருவரும், பல மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் சாகாத மண்டூசி வந்துவிட்டதென்று எழுதினார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயலில் அளந்த கணக்கு இல்லை, தாளில் போட்ட கணக்கு. பத்து லட்சம் செடியில் ஒன்று எதிர்ப்புள்ளது என்று வைத்துக்கொள்வோம். மருந்து மற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கொல்கிறது. அதாவது ஒவ்வொரு வருஷமும் எதிர்ப்புள்ளதன் விகிதம் இருபது மடங்கு ஏறும். முதல் மூன்று வருஷம் உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாலாம் வருஷம் வயலில் நூற்றுக்குப் பதினாலு. "அங்கங்க கொஞ்சம் நிக்குது" என்பீர்கள். ஐந்தாம் வருஷம் நூற்றுக்கு எழுபத்தாறு. மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

இப்போது மருந்தை நிறுத்துகிறோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எதிர்ப்புள்ளவை, ஒன்று சாதாரணம். சாதாரணச் செடி நூறு விதை போடும் இடத்தில் எதிர்ப்புள்ளது தொண்ணூறு போடுகிறது என்றால், பத்து வருஷம் கழித்தும் வயலில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எதிர்ப்புள்ளதாகவே இருக்கும். எழுபதுதான் போடுகிறது, நல்ல நோஞ்சான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்து வருஷத்துக்குப் பிறகு எழுபத்து நாலு! பாதிக்குப் பாதி, நூறுக்கு ஐம்பதுதான் போடும் என்றால் மட்டுமே அது பத்து வருஷத்தில் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்குகிறது. ஏறுவதற்கு ஐந்து வருஷம். இறங்கப் பத்து வருஷம் போதவில்லை. மண்ணுக்குள் பல வருஷம் உறங்கும் விதைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இறக்கம் இன்னும் மெதுவாகும். நிறுத்தினால் பழையபடி சாகுமா என்ற கேள்விக்கு என் பதிலின் முதல் பாதி இந்தக் கணக்கு.

இனிக் கிழக்கே போவோம். கேழ்வரகின் காட்டு உறவுக்காரப் புல் ஒன்று, எலியூசின் இண்டிகா. விரல் விரலாக விரிந்த கதிர், தரையோடு படுத்த அடித்தண்டு. நம் ஊர்த் தெருவோரத்திலும் இருக்கிறது. மலேசியாவின் செம்பனை, பழத் தோட்டங்களில் இது பெருங்களை. அந்தத் தோட்டப்புறங்களில் முதுகில் டேங்கைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும் பகுதி நம் தமிழ்ப் பெண்கள். பாராகுவாட் பட்டு நகம் போனவர்கள், மூக்கில் ரத்தம் வடிந்தவர்கள் பற்றிய குரல்கள் அங்கிருந்து பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தன. அந்த மருந்துக்கு மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். களை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்தப் பெண்கள் எந்த வரியிலும் வருவதில்லை. வரிக்கு வரி 'தெளிக்கப்பட்டது' என்று இருக்கும். தெளித்தவர் யார் என்று இருக்காது. அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அந்தப் புல் பாராகுவாட்டுக்கும் சாகாமல் நின்றது, 1990களின் பிற்பகுதியில் கிளைபோசேட்டுக்கும் சாகாமல் நின்றது. கிளைபோசேட் தாக்குவது வேறு இடம்: சில அமினோ அமிலங்களைச் செய்ய உதவும் ஒரு நொதி. அந்த நொதியின் 106ஆம் இடத்தில் ஒரு மாற்றம் வந்து களை தப்பியதை உலகத்தில் முதன்முதலாக மலேசியப் புல்லில்தான் கண்டார்கள். இது சுமாரான காப்பு. ஐந்து மடங்கு மருந்து அடித்தால் சாகும். இந்த மாற்றத்துக்குப் புல் ஒரு விலையும் கொடுத்ததாகத் தெரியவில்லை, நன்றாகவே வளர்ந்தது. தோட்டங்களில் மேலும் மேலும் மருந்து அடித்தார்கள். 102, 106 என்று இரண்டு இடங்களும் சேர்ந்து மாறிய செடி 2010களில் கிடைத்தது. அதற்கு எதிர்ப்பு நூற்றெண்பது மடங்குக்கு மேல். ஏறக்குறைய மருந்தையே மதிக்காத செடி! அதை மருந்தில்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த இரட்டை மாற்றத்தை வாங்கிய செடி குட்டையாக, மெலிந்து, விதை குறைந்து நின்றது. அந்த நொதி தன் சொந்த வேலையைச் செய்யவே தடுமாறியது. ஒரே புல், ஒரே மருந்து, ஒரே நொதி. ஒரு மாற்றம் இலவசம், இன்னொன்று கொள்ளை விலை.

அமெரிக்காவில் நம் முள்ளிக்கீரையின் உறவான பால்மர் கீரை, அதே கிளைபோசேட்டுக்கு இன்னொரு வழியில் தப்பியது. நொதியை மாற்றவில்லை, அந்த மரபணுவையே ஐந்து முதல் நூற்றறுபதுக்கு மேல் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மருந்து தடுக்கத் தடுக்க நொதியைச் செய்து தள்ளியது. இத்தனை வீண் உற்பத்திக்குக் கட்டாயம் ஏதாவது விலை இருக்கும் என்று தேடினார்கள். வளர்ச்சியிலும் விதையிலும் சொல்லிக்கொள்ளும்படி குறைவு எதுவும் அகப்படவில்லை. எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஒப்பீடுகளைப் படிக்கும்போது, எந்தச் செடியை எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள். செந்துறையிலிருந்து எதிர்ப்புள்ள விதையும், ஊட்டியிலிருந்து சாதாரண விதையும் எடுத்துவந்து வளர்த்து, உயரம் குறைந்தது எதிர்ப்பால்தான் என்று எழுதினால் அது ஆராய்ச்சி இல்லை. மண், மழை, வெயில், எத்தனையோ தலைமுறைப் பழக்கம் என்று வித்தியாசங்கள் இருக்க, ஒரு மாற்றத்தின் தலையில் பழியைப் போட முடியாது. பழைய கட்டுரைகளில் பல இந்தக் குழியில் விழுந்தவை. இரண்டையும் ஒட்டுச்சேர்த்து, பிறந்த பிள்ளைகளில் எதிர்ப்புள்ளதையும் இல்லாததையும் பிரித்து, ஒரே குடும்பத்துக்குள் ஒப்பிட வேண்டும். தனித் தொட்டியில் வளர்த்தால் போதாது, பக்கத்தில் போட்டிக்கு ஆள் வேண்டும். தனியாக நிற்கும்போது இரண்டும் ஒரே உயரம் வளரலாம். நெருக்கத்தில்தான் வித்தியாசம் வெளியே வரும். ஆகவே மருந்தை நிறுத்துவது மட்டும் எதிர்ப்புள்ள களையைப் பின்தள்ளாது. அடர்த்தியாக, வேகமாக நிலத்தை மூடும் பயிர் ஒன்று அங்கே இருந்து, வெளிச்சத்தையும் தண்ணீரையும் அதனிடமிருந்து பிடுங்க வேண்டும். இடைவெளி விட்டு நிற்கும் சோளக்கொல்லையில் நோஞ்சானும் சௌக்கியமாக விதைத்துவிட்டுப் போகும்.

முளைப்பில் தெரியும் வித்தியாசமும் உண்டு. அமெரிக்கச் சமவெளியில் கோக்கியா என்ற களை. சல்ஃபோனைல்யூரியா வகை மருந்துக்குச் சாகாத செடிகளின் விதை, குளிர்ந்த மண்ணில் சாதாரண விதையை விட முந்தி முளைத்தது. மாறிய நொதியால் விதைக்குள் சில அமினோ அமிலங்கள் கூடுதலாகச் சேர்ந்திருந்ததுதான் காரணம் என்று விளக்கினார்கள். மருந்து அடிக்கும் விவசாயிக்கு இது கெட்ட செய்தி. முன்கூட்டி ஓர் உழவு போடுகிறவருக்கு நல்ல செய்தி. முந்தி முளைத்த எதிர்ப்புள்ள நாற்றெல்லாம் கலப்பையில் மாட்டிக்கொள்ளும்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் மறைந்த எஸ். ராபின் என்ற நெல் விஞ்ஞானி, நாகினா 22 என்ற பழைய ரகத்தில் திடீர்மாற்றம் உண்டாக்கி, இமாசெத்தாபிர் மருந்துக்குச் சாகாத ஒரு நெல்லைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரிலேயே 'ராபின்' என்று அழைக்கப்படும் அந்த நெல்லிலிருந்து எதிர்ப்பை எடுத்து, தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா பாஸ்மதி 1979, 1985 என்ற இரண்டு ரகங்களை உருவாக்கியது. 2021இல் அவை வெளியாயின. நேரடியாக விதைக்கும் நெல்லில் களை மருந்து அடிக்க வசதி. இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த மருந்து தாக்கும் நொதியில் எதிர்ப்புத் தரும் மாற்றங்கள் பல உண்டு. கனடாவில் கீரைக்களை ஒன்றில் வந்த மாற்றம் இலையையும் தண்டையும் வேரையும் சிறுக்க வைத்துவிட்டது. ரைப்புல்லில் வந்த வேறு மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. ரகம் உருவாக்கும் விஞ்ஞானி என்ன செய்வார்? விளைச்சலைக் கெடுக்காத மாற்றத்தைப் பார்த்து எடுப்பார். உங்கள் வயலும் அதையே செய்கிறது. முதலில் வருவது விலை கூடிய மாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதே மருந்தை அடித்துக்கொண்டே இருந்தால், விலை குறைந்த வழி எந்தச் செடியில் வந்தாலும் அது மற்றதை முந்திவிடும். காலம் போகப் போக நோஞ்சான்கள் குறைந்து, ஆரோக்கியமான எதிர்ப்பாளிகள்தான் மிஞ்சுவார்கள். கேள்விக்கான பதிலின் மறுபாதி இது. மருந்தை மாற்றுவதாக இருந்தால் சீக்கிரம் மாற்றுங்கள். பதினைந்து வருஷம் கழித்து மாற்றினால், திரும்பி வருவதற்குப் பழைய களை மிச்சமிருக்காது.

மருந்தை மாற்றுவது என்றால் புட்டியை மாற்றுவது என்று நினைக்க வேண்டாம். புதுப் புட்டியில் இருப்பது வேறு பெயரில் அதே வேலையைச் செய்யும் மருந்தாக இருக்கலாம். மக்காச்சோளத்தில் உளுந்தையோ தட்டைப்பயறையோ ஊடுபயிராகப் போட்டால் அட்ராசினே அடிக்க முடியாது, பயறு கருகிவிடும். வேறு வழியில்லாமல் அந்த வருஷம் மருந்து மாறும், நிலமும் மூடும். பருத்திக்கு மாறினாலும் அப்படித்தான். கோடை உழவுக்கும் களைவெட்டிக்கும் எந்தக் களையும் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். முழுக்கொல்லைக்கும் ஆள் வேண்டாம். மருந்துக்குப் பிறகு நிற்கும் அந்த நூறு இருநூறு செடியைப் பூக்கும் முன் பிடுங்க ஒரு காலை போதும்.

மருந்துக்குச் சாகாததெல்லாம் எதிர்ப்பும் இல்லை. மண் காய்ந்திருந்தால் அட்ராசின் வேலை செய்யாது. தாமதமாக அடித்தாலும், அளவு குறைந்தாலும், நாசில் தேய்ந்து பட்டை பட்டையாக விழுந்தாலும், புட்டியில் இருப்பதே போலியாக இருந்தாலும் களை நிற்கும். அப்போது எல்லாக் களையும் சேர்ந்து நிற்கும், அல்லது டேங்க் போன வழியில் வரிசையாக நிற்கும். எதிர்ப்பு என்றால் மற்றக் களைகள் சுத்தமாகச் செத்திருக்க, ஒரே ஒரு இனம் மட்டும் நிற்கும். அந்த இனத்திலும் செத்த செடியும் தளதளவென்ற செடியும் ஓரடி இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். திட்டுத் திட்டாக இருக்கும். அடுத்த வருஷம் அந்தத் திட்டு அறுவடை எந்திரம் போன பக்கமாக நீண்டிருக்கும்.

சந்தேகம் வந்தால் நீங்களே சோதிக்கலாம். தப்பிய செடிகளில் முற்றிய விதையை எடுத்து நிழலில் காயவையுங்கள். மருந்தே படாத கொல்லையிலோ ஏரிக்கரையிலோ இருந்து அதே இனத்தின் விதையையும் எடுங்கள். இரண்டும் ஒரே ஊரிலிருந்து இருக்கட்டும். புது விதை சில மாதம் உறங்கும், உடனே முளைக்கவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். மருந்து படாத மண் நிரப்பிய தொட்டிகளில் இரண்டையும் தனித்தனியே போட்டு, சிலவற்றுக்கு மருந்தில்லாமல், சிலவற்றுக்குப் பரிந்துரைத்த அளவில், சிலவற்றுக்கு இரட்டை அளவில் அடித்து மூன்று வாரம் பாருங்கள். சின்னத் தொட்டிக்கு மருந்தை அளப்பது சிரமம். சோழமாதேவியில் இருக்கும் வேளாண் அறிவியல் மையத்தில் கேட்டால் அளவு சொல்வார்கள். எல்லாரும் மருந்தடித்த தொட்டியைத்தான் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். மருந்தடிக்காத தொட்டியையும் விட்டுவிடாதீர்கள். அதில் ஒன்றில் இரண்டு விதையையும் கலந்து போட்டு, நடுவில் ஒரு மக்காச்சோளத்தையும் ஊன்றுங்கள். முளைத்ததும் எது எதுவென்று குழம்பாமல் இருக்க, ஆளுக்கொரு பக்கமாக விதைத்து, தொட்டியின் விளிம்பில் சுண்ணாம்பால் குறி போட்டுவையுங்கள். எது முந்தி முளைத்தது, எது முந்திப் பூத்தது, எதில் விதை அதிகம் என்று எழுதிவையுங்கள். மீதி விதையை உறையில் போட்டு, எந்த வயல், எந்த மருந்து, எத்தனை வருஷமாக என்று மேலே குறித்து, ஈரம் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வரும் புரட்டாசிப் பட்டத்துக்கு முன் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.